'40 கேஷுவால்ட்டி' என்றால் 40 பேர் பலியா? நெருக்கடிச் செய்திகளில் வரும் ஆங்கிலச் சொற்களை எப்படிப் புரிந்துகொள்வது?

காலையில் மெட்ரோவில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். போனில் ஒரு ஆங்கில நோட்டிஃபிகேஷன். வெளிநாட்டில் ஒரு ரயில் விபத்து, '40 கேஷுவால்ட்டீஸ்' என்கிறது. அலுவலகம் போனதும் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம், "40 பேர் செத்துட்டாங்களாம்" என்கிறீர்கள். குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பிலும் '40 பேர் பலி' என்று போட்டுவிடுகிறீர்கள். மாலையில் முழுச் செய்தியைப் படித்தால், இறந்தவர்கள் 6 பேர், காயமடைந்தவர்கள் 34 பேர்.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் இந்தத் தவறு நம்மில் பலருக்கும் பழக்கமானது. ஆங்கிலம் தெரியாததால் வருவதில்லை இது. தினமும் ஆங்கிலத்தில் மெயில் எழுதுபவர்களும், கிளையன்ட் காலில் சரளமாகப் பேசுபவர்களும் இதே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

போர், புயல், பஞ்சம், அகதிகள் பற்றிய செய்திகளில் வரும் சொற்களில் பலவற்றுக்கு அகராதிப் பொருள் ஒன்றும், நடைமுறைப் பொருள் இன்னொன்றுமாக இருக்கும். ஒரு சொல்லைப் போடலாமா என்று முடிவெடுக்கத் தனி அமைப்புகள் உண்டு, சிலவற்றுக்கு எண்ணிக்கை அளவுகோல்கூட உண்டு. எனவே இப்படி ஒரு சொல்லைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று, இதை யார் சொல்கிறார்கள்? இரண்டு, எந்த அளவைத் தாண்டியதால் சொல்கிறார்கள்? மூன்று, சொன்ன பிறகு என்ன மாறும்?

இந்த மூன்றையும் வைத்து, செய்திகளில் அடிக்கடி குழப்பும் சில சொற்களைப் பார்ப்போம்.

கேஷுவால்ட்டி, ஃபேட்டாலிட்டி: என்ன வித்தியாசம்?

நம்ம ஊர் அரசு மருத்துவமனை வாசலில் 'கேஷுவால்ட்டி' என்று போர்டு இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? அங்கே தூக்கிக்கொண்டு போவது அடிபட்டவர்களை. அதை நினைவில் வைத்தாலே போதும். கேஷுவால்ட்டி என்றால் பாதிக்கப்பட்டவர்கள், அதாவது இறந்தவர்களும் காயமடைந்தவர்களும் சேர்ந்த கணக்கு. போர்ச் செய்திகளில் ராணுவம் இந்தச் சொல்லைப் பயன்படுத்தும்போது, காணாமல் போனவர்களும் பிடிபட்டவர்களும்கூட அதில் சேரலாம்.

இறந்தவர்களை மட்டும் குறிக்கும் சொல் ஃபேட்டாலிட்டி. 'டெத் டோல்' என்பதும் அதுவே. வெறும் 'டோல்' என்று வந்தால் பெரும்பாலும் இறப்பு எண்ணிக்கைதான், ஆனாலும் அடுத்த வரியைப் படித்துவிடுவது நல்லது.

'மிஸ்ஸிங்' என்பதையும் கவனியுங்கள். நிலச்சரிவு, வெள்ளச் செய்திகளில் '20 டெட், 50 மிஸ்ஸிங்' என்று வந்தால் இரண்டையும் கூட்டி 70 பேர் பலி என்று எழுதக் கூடாது. காணாமல் போனவர்களில் சிலர் உயிரோடு வேறு முகாமில் இருக்கக்கூடும். அவர்களுடைய வீட்டுக்காரர்களும் அதே வாட்ஸ்ஆப்பைப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

வாட்ச், அலர்ட், வார்னிங்: தமிழில் எல்லாமே 'எச்சரிக்கை'தானா?

இந்த மூன்றையும் நாம் 'எச்சரிக்கை' என்றே மொழிபெயர்த்துவிடுகிறோம். ஆனால் இந்திய வானிலை ஆய்வு மையத்துக்கு இவை மூன்று வேறு படிகள். புயல் வரும் வாய்ப்பு தெரிந்ததும், சுமார் 72 மணி நேரத்துக்கு முன் 'ப்ரீ சைக்ளோன் வாட்ச்' வரும். கடலோரத்தில் மோசமான வானிலை தொடங்குவதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பு 'சைக்ளோன் அலர்ட்'. குறைந்தது 24 மணி நேரம் முன்பு 'சைக்ளோன் வார்னிங்'. அதாவது வாட்ச் என்றால் கண் வைத்திருங்கள், வார்னிங் என்றால் நேரம் குறைவு.

நிறங்களுக்கும் இப்படி ஒரு வரிசை இருக்கிறது. மஞ்சள் என்றால் கவனியுங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் நடவடிக்கை எடுங்கள். 'ஆரஞ்சு அலர்ட் வந்தாச்சு, நாளைக்கு ஸ்கூல் லீவா?' என்று கேட்டால், அதை வானிலை மையம் முடிவு செய்வதில்லை, மாவட்ட ஆட்சியர்தான் அறிவிப்பார். யார் சொல்கிறார்கள் என்ற முதல் கேள்வி இங்கே உதவும்.

மழைக்கும் கணக்கு இருக்கிறது. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் 'ஹெவி', அதற்கு மேல் 204.4 வரை 'வெரி ஹெவி', அதையும் தாண்டினால் 'எக்ஸ்ட்ரீம்லி ஹெவி'. தமிழில் கனமழை, மிக கனமழை, அதி கனமழை என்று சொல்வது இதைத்தான்.

'டிப்ரெஷன்' என்ற சொல்லும் ஏமாற்றும். காற்றின் வேகம் மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை இருந்தால் டிப்ரெஷன், நம் மொழியில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை 'டீப் டிப்ரெஷன்'. 62-ஐத் தொட்டால்தான் புயல். அப்போதுதான் அதற்குப் பெயரும் கிடைக்கும்.

'புயல் இல்லையாமே, வெறும் தாழ்வு மண்டலம்தான்' என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். இந்த வகைப்பாடு காற்றின் வேகத்தை வைத்து மட்டுமே செய்யப்படுகிறது, மழையை வைத்து அல்ல. 2015 டிசம்பர் 1 அன்று சென்னையை மூழ்கடித்த மழைக்குப் பின்னால் பெயர் வைக்கப்பட்ட புயல் எதுவும் இருக்கவில்லை.

சைக்ளோன், ஹரிக்கேன், டைஃபூன் ஆகிய மூன்றும் ஒரே வகைப் புயல்தான். இந்தியப் பெருங்கடலில் சைக்ளோன், அட்லாண்டிக்கிலும் வடகிழக்கு பசிபிக்கிலும் ஹரிக்கேன், வடமேற்கு பசிபிக்கில் டைஃபூன். கடல் மாறினால் பெயர் மாறும், அவ்வளவுதான்.

ஃபேமின்: பஞ்சம் என்று யார் அறிவிப்பது?

'தண்ணிப் பஞ்சம்', 'ஆள் பஞ்சம்' என்று நாம் சாதாரணமாகப் பேசுவோம். இந்தப் பழக்கத்தால் ஆங்கிலச் செய்தியில் 'ஃபேமின்' என்று வரும்போதும் ஏதோ பற்றாக்குறை என்று கடந்துவிட வாய்ப்பு அதிகம்.

உண்மையில் இது மிகக் கடினமான அளவுகோல் கொண்ட சொல். சுருக்கமாக ஐபிசி எனப்படும் உணவுப் பாதுகாப்பு வகைப்பாட்டு முறை ஒன்று 2004-ல் சோமாலியாவுக்காக உருவானது. இன்று ஐநா அமைப்புகளும் உதவி நிறுவனங்களும் அதைப் பயன்படுத்துகின்றன. இதற்கும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை. இதில் ஐந்து படிகள். கடைசிப் படிதான் ஃபேமின்.

அந்தப் படிக்கு மூன்று அளவுகள் உண்டு. ஒரு பகுதியில் குறைந்தது 20% குடும்பங்கள் உணவே கிடைக்காத கடும் நிலையில் இருக்க வேண்டும். குழந்தைகளில் சுமார் 30% பேருக்குக் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு இருக்க வேண்டும். பட்டினியாலும் அதோடு சேர்ந்த நோய்களாலும் 10,000 பேரில் நாளொன்றுக்கு 2 பேர் இறந்துகொண்டிருக்க வேண்டும்.

மூன்றாவது அளவைத் திரும்பப் படியுங்கள். சாவு தொடங்கிய பிறகுதான் இந்தச் சொல் வருகிறது. 2011 ஜூலையில் சோமாலியாவில் பஞ்சம் அறிவிக்கப்பட்டது. அந்த நெருக்கடியில் சுமார் 2.6 லட்சம் பேர் இறந்ததாகப் பின்னால் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் சுமார் பாதிப் பேர் அறிவிப்பு வருவதற்கு முன்பே இறந்துவிட்டார்கள்.

அதன் பிறகு 2017-ல் தெற்கு சூடான், 2024 ஆகஸ்டில் சூடானின் ஜம்ஜம் முகாம், 2025 ஆகஸ்டில் காசா என்று சில இடங்களுக்கே இந்தச் சொல் பயன்பட்டது. அறிவிப்பு வந்தாலும் எந்த நாடும் உதவியே ஆக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இல்லை. ஆனால் உலகின் கவனமும் நிதியும் திரும்பும்.

எனவே செய்தியில் 'ரிஸ்க் ஆஃப் ஃபேமின்' என்று வந்தால், 'இன்னும் பஞ்சம் இல்லை' என்று படிக்காதீர்கள். உதவி போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கிறது என்று படியுங்கள்.

ரெஃப்யூஜி, மைக்ரன்ட், அசைலம் சீக்கர்: யார் யார்?

1951-ம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தின்படி, இனம், மதம், தேசியம், ஒரு சமூகக் குழுவில் இருப்பது, அரசியல் கருத்து ஆகிய காரணங்களால் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தோடு சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர் ரெஃப்யூஜி. அந்த அந்தஸ்தைக் கேட்டு விண்ணப்பித்து முடிவுக்காகக் காத்திருப்பவர் அசைலம் சீக்கர். வேலை, படிப்பு, குடும்பம் எனப் பல காரணங்களுக்காக இடம் மாறியவர் மைக்ரன்ட். துபாயில் வேலை பார்க்கும் உங்கள் சித்தப்பாவும், ஹெச்1பி விசாவில் இருக்கும் உங்கள் நண்பரும் இந்த வகையில்தான் வருவார்கள்.

எல்லையைத் தாண்டாமல் சொந்த நாட்டுக்குள்ளேயே வீடிழந்து ஓடியவர்கள் 'இன்டர்னலி டிஸ்பிளேஸ்டு'. தமிழில் இவர்களை 'உள்நாட்டு அகதிகள்' என்று எழுதும் வழக்கம் உண்டு. ஆனால் அந்த ஒப்பந்தம் அகதிக்குத் தரும் பாதுகாப்பு இவர்களுக்குப் பொருந்தாது. அவர்களைக் காக்க வேண்டிய முதல் பொறுப்பு, பல நேரங்களில் அவர்கள் யாருக்குப் பயந்து ஓடினார்களோ அதே அரசிடம் இருக்கும்.

இந்தியா 1951 ஒப்பந்தத்திலும் 1967 நெறிமுறையிலும் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. தமிழ்நாட்டு முகாம்களில் பல பத்தாண்டுகளாக இருக்கும் இலங்கைத் தமிழர்களை நாம் அகதிகள் என்கிறோம், சட்டம் அவர்களை வெளிநாட்டவராகவே பார்க்கிறது. 2021 ஆகஸ்டில் அந்த முகாம்கள் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள்' எனப் பெயர் மாற்றப்பட்டன. காதுக்கு மரியாதையான பெயர்தான். ஆனால் அந்தப் பெயர் மாற்றத்தால் குடியுரிமை வந்துவிடவில்லை. மூன்றாவது கேள்வியை ஏன் கேட்க வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

திரும்பி வருவதற்கும் பல சொற்கள் உண்டு. 2022-ல் யுக்ரேன் போர் தொடங்கியபோது இந்திய மாணவர்களை 'ஆபரேஷன் கங்கா' மூலம் அழைத்து வந்தது 'எவாக்குவேஷன்'. 2025 பிப்ரவரியில் 104 இந்தியர்களை ஏற்றிக்கொண்டு அமெரிக்க ராணுவ விமானம் அமிர்தசரஸில் இறங்கியது 'டிப்போர்ட்டேஷன்'. முதலாவது மீட்பு, இரண்டாவது நாடுகடத்தல். இரண்டிலும் விமானம் வந்து இறங்கியது என்னவோ இந்தியாவில்தான்.

சீஸ்ஃபயரா, அண்டர்ஸ்டாண்டிங்கா?

2025 மே 10 மாலை நடந்ததை நினைத்துப் பாருங்கள். இந்தியாவும் பாகிஸ்தானும் முழுமையான, உடனடி 'சீஸ்ஃபயருக்கு' ஒப்புக்கொண்டதாக அமெரிக்க அதிபர் டிரம்ப் சமூக ஊடகத்தில் பதிவிட்டார். கொஞ்ச நேரத்தில் இந்திய வெளியுறவுச் செயலாளர் விக்ரம் மிஸ்ரி பேசினார். இரு நாட்டு ராணுவ அதிகாரிகள் பேசியதாகவும், மாலை 5 மணி முதல் நிலம், வான், கடல் என எல்லாவற்றிலும் துப்பாக்கிச்சூட்டையும் ராணுவ நடவடிக்கையையும் நிறுத்த ஒப்புக்கொண்டதாகவும் சொன்னார். வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரின் பதிவில் இருந்த சொல் 'அண்டர்ஸ்டாண்டிங்'.

ரெண்டும் ஒண்ணுதானே என்று தோன்றலாம். சீஸ்ஃபயர் என்றவுடன் ஒப்பந்தம், நிபந்தனைகள், சில நேரம் நடுவில் நிற்கும் மூன்றாவது நாடு என்ற எண்ணமும் சேர்ந்து வரும். மூன்றாம் தரப்பு மத்தியஸ்தம் கிடையாது என்பது இந்தியாவின் நீண்டகால நிலைப்பாடு. அதனால்தான் எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே அன்று ஒரு செய்தியானது.

காஷ்மீரில் இது புதிதும் இல்லை. 1949-ல் 'சீஸ்ஃபயர் லைன்' என்று வரையப்பட்ட கோட்டுக்குப் பதிலாக, 1971 போருக்குப் பின் வந்த சிம்லா ஒப்பந்தத்தில் 1972-ல் 'லைன் ஆஃப் கன்ட்ரோல்' என்ற பெயர் வந்தது.

இந்தக் குடும்பத்தில் இன்னும் சில சொற்கள் உண்டு. 'பாஸ்' என்றால் குறுகிய இடைநிறுத்தம். 2023 நவம்பர் 24 அன்று காசாவில் தொடங்கி ஒரு வாரம் நீடித்தது அப்படி ஒன்று. 'ட்ரூஸ்' என்பதும் தற்காலிகமானதுதான். 'ஆர்மிஸ்டிஸ்' என்பது முறையாகக் கையெழுத்தாகும் போர்நிறுத்தம், ஆனாலும் சமாதானம் ஆகாது. கொரியப் போரில் 1953 ஜூலை 27 அன்று கையெழுத்தானது ஆர்மிஸ்டிஸ். சமாதான உடன்படிக்கை இன்றுவரை கையெழுத்தாகவில்லை. போரைச் சட்டப்படி முடித்துவைப்பது பொதுவாக 'பீஸ் ட்ரீட்டி'தான்.

ஜெனோசைட்: ஏன் இந்தச் சொல்லைச் சொல்ல அரசுகள் தயங்குகின்றன?

ரஃபேல் லெம்கின் என்ற போலந்து யூத வழக்கறிஞர் 1944-ல் உருவாக்கிய சொல் இது. 1948 டிசம்பர் 9 அன்று ஐநா இதற்கான ஒப்பந்தத்தை ஏற்றது. ஒரு தேசிய, இன, மதக் குழுவை முழுவதுமாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருந்தது என்பதை நிரூபிக்க வேண்டும். எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்பதைவிட, அந்த நோக்கத்தை நிரூபிப்பதுதான் கடினம்.

ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்கு இதைத் தடுக்கும் கடமையும் உண்டு. 1994-ல் ருவாண்டாவில் சுமார் 100 நாட்களில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தபோது, அமெரிக்க வெளியுறவுத் துறையின் செய்தித் தொடர்பாளர் 'ஜெனோசைட்' என்று நேராகச் சொல்லாமல் 'ஆக்ட்ஸ் ஆஃப் ஜெனோசைட்' என்று சுற்றிவளைத்தார். சொல்லிவிட்டால், ஏதாவது செய்தாக வேண்டுமே!

'வார் கிரைம்ஸ்' என்றால் போர் விதிகளை மீறிய குற்றங்கள். 'கிரைம்ஸ் அகைன்ஸ்ட் ஹியூமானிட்டி' என்றால் பொதுமக்கள் மீது பரவலாக அல்லது திட்டமிட்டு நடத்தப்படும் தாக்குதலின் பகுதியான குற்றங்கள். இலங்கை இறுதிப் போர் குறித்து ஐநா தலைமைச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு, 2011-ல் இந்த இரண்டு வகைக் குற்றங்கள் பற்றி நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் இருப்பதாகக் கூறியது. இலங்கையின் வடக்கு மாகாண சபை 2015 பிப்ரவரியில் நிறைவேற்றிய தீர்மானம், தமிழர்களுக்கு நடந்தது இனப்படுகொலை என்றது. இந்த இரண்டு ஆவணங்களைப் பற்றியும் ஆங்கிலத்தில் பேசும்போது எந்தச் சொல் எதில் இருக்கிறது என்று தெரிந்து பேசினால், எதிரில் இருப்பவர் உங்கள் வாதத்தைச் சொல்லை வைத்துத் தட்டிக்கழிக்க முடியாது.

வினைச்சொற்களில் ஒளிந்திருக்கும் அரசியல்

ஒரு நாடு இன்னொரு நாட்டின் செயலை 'கண்டெம்' செய்தால் அது கண்டனம். 'எக்ஸ்பிரஸ் கன்சர்ன்' என்றால் கவலை தெரிவிக்கிறது, கண்டிக்கவில்லை. 'அப்ஸ்டெயின்' என்றால் வாக்கெடுப்பில் ஆதரவாகவும் எதிராகவும் வாக்களிக்காமல் விலகி நிற்பது. 2022 மார்ச் 2 அன்று யுக்ரேன் தொடர்பான ஐநா பொதுச்சபைத் தீர்மானத்துக்கு 141 நாடுகள் ஆதரவு, 5 எதிர்ப்பு, 35 நாடுகள் அப்ஸ்டெயின். இந்தியா அந்த 35-ல் ஒன்று. இதை 'இந்தியா எதிர்த்தது' என்று மொழிபெயர்த்தாலும் தவறு, 'ஆதரித்தது' என்றாலும் தவறு.

செய்தியாளர்கள் பயன்படுத்தும் வினைகளையும் கவனியுங்கள். 'கன்ஃபர்ம்டு' என்றால் உறுதிசெய்யப்பட்டது. 'கிளெய்ம்டு' என்றால் ஒரு தரப்பு அப்படிச் சொல்லிக்கொள்கிறது. 'அலெஜ்டு' என்றால் குற்றச்சாட்டு, இன்னும் நிரூபிக்கப்படவில்லை. மூன்றையும் 'தெரிவித்தார்' என்ற ஒரே சொல்லில் தமிழாக்கினால், செய்தியின் பாதி உண்மை அங்கேயே போய்விடும்.

எப்படிப் பழகுவது?

சொற்பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒரு வாரத்தில் மறந்துவிடும். அதற்குப் பதிலாக, தினமும் ஒரே ஒரு சர்வதேசச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டு ஆங்கில ஊடகங்களில் படியுங்கள். ஒன்று 'மிலிட்டன்ட்ஸ்' என்றும் மற்றது 'டெரரிஸ்ட்ஸ்' என்றும் எழுதியிருக்கலாம். ஒன்றில் 'கில்டு', இன்னொன்றில் 'டைடு' என்று இருக்கலாம். கொன்றவர் யார் என்பது எந்த வாக்கியத்தில் காணாமல் போயிருக்கிறது என்று பாருங்கள்.

பிறகு அதே செய்தியை மூன்றே வரியில் தமிழில் உங்களுக்கு நீங்களே எழுதிப் பாருங்கள். எங்கே சரியான தமிழ்ச் சொல் கிடைக்காமல் பேனா நிற்கிறதோ, அந்தச் சொல்தான் உங்களுக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை. அதற்கு மட்டும் மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் போடுங்கள்.

அடுத்த முறை குடும்ப குரூப்பில் 'ரெட் அலர்ட்', '40 பேர் பலி' என்று ஏதாவது வந்தால், ஃபார்வர்ட் செய்வதற்கு முன் மூலச் செய்தியைத் திறந்து அந்த ஆங்கிலச் சொல் என்னவென்று பாருங்கள். கேஷுவால்ட்டி என்று இருந்தால், திருத்திப் போடுங்கள்.